தங்கமான கஸ்டமர்

படகுப் பட்டறைக்கு வருகிற கஸ்டமர்களில் இரண்டு ரகம் உண்டு. நின்றுகொண்டு கத்துகிறவர்கள், உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறவர்கள். ஆள் கேட்டைத் தாண்டும்போதே எந்த ரகம் என்று பட்டறை முதலாளிக்குத் தெரிந்துவிடும். கத்துகிற ஆள் வந்தால் வெல்டிங் மிஷின் சத்தம் தானாகக் கூடும், நாலு பேர் அவருடைய படகின் மேல் ஏறி எதையாவது தட்டிக்கொண்டிருப்பார்கள். சிரிக்கிற ஆள் வந்தால் நாற்காலி வரும், பின்னாலேயே டீ வரும். நம்முடைய ஆளுக்கு நாற்காலி வந்தது. அதுவும் முதலாளியே ஆபீஸ் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, துண்டால் தூசி தட்டிப் போட்ட நாற்காலி.

அந்த நாற்காலியில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது. வாழ்க்கையில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை என்பதை அவர் ஒரு சொத்து மாதிரி வைத்திருந்தார். பட்டறையில் போய் உட்கார்ந்ததும், "அண்ணன் தங்கமான மனுஷன்ப்பா, இவரை மாதிரி எல்லாரும் இருந்துட்டா நமக்கு ஏது பிரஷர்?" என்று முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வான். அதைக் கேட்டுக் கேட்டு பட்டறை ஆட்களும் அவரைத் தங்கம் சார் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். இவரும் கூச்சப்படுவது போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, டீயை உறிஞ்சுவார். நாமும் தங்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

படகு என்றால் சொகுசுப் படகு ஒன்றும் இல்லை. மேலே கூரை, இரண்டு பக்கமும் பலகை பெஞ்சு, நடுவில் மூடி போட்ட இன்ஜின். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற துணி ஆலைக்குக் காலையில் ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. தங்கம் ஓட்டுவார், மனைவி டிக்கெட் கிழிப்பாள். வீட்டில் அடுப்பு எரிவதும் மகள் காலேஜ் போவதும் அந்த ஒரு படகை நம்பித்தான். அடிப்பலகையில் தண்ணீர் கசிய ஆரம்பித்ததால் பட்டறையில் கரையேற்றினார்கள். பலகை மாற்றுகிற வேலையைச் சுத்தமாகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பெயின்டும் அடித்துவிட்டார்கள். படகு தண்ணீரில் இறங்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோதுதான் தங்கம் தன் வாயால் கெட்டார்.

அன்றைக்கு மீன் கம்பெனிக்காரர் வந்து பட்டறை வாசலில் நின்று கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். முதலாளி மெதுவாக இவருடைய நாற்காலிப் பக்கம் வந்து குனிந்தான்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. அந்தாள் போட் இன்னிக்கு இறங்கியே ஆகணும். தண்ணி இறைக்கிற பம்ப் வேலை செய்யல. மானத்தை வாங்குறார். உங்க போட்ல இருக்கிற பம்பை ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னா, புதுசு வந்ததும் மாட்டிடறேன்."

"இதுக்கெல்லாம் கேக்கணுமா தம்பி? வேணுங்கறதை எடுத்துக்கோ. சும்மாதானே நிக்குது."

மரியாதைக்குச் சொல்கிற பேச்சு அது. வீட்டுக்கு வந்தவரிடம் 'உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க' என்று நாம் சொல்வதில்லையா? அதற்காக வந்தவர் பீரோவைத் திறந்து பார்ப்பாரா? பட்டறைக்காரன் பார்ப்பான். அது தங்கத்துக்குத் தெரியவில்லை. ஒரு மனிதனை இக்கட்டிலிருந்து காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் போகிறபோதெல்லாம் ஒரே பதில்தான். "பம்ப் வந்துட்டே இருக்கு அண்ணே." வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை. நடுவில் நாலைந்து படகுகள் மேலே ஏறி, வேலை முடிந்து, கீழே இறங்கியும் போய்விட்டன. எல்லாம் கத்துகிறவர்களுடையது.

பட்டறையில் நாற்காலி கிடைக்கிற இன்னொரு ஆளும் உண்டு. பால்காரர். அக்கரை மாட்டுக் கொட்டகைகளில் பால் எடுத்துக்கொண்டு வந்து இக்கரையில் வீடு வீடாக ஊற்றுகிறவர். அவருடைய சின்னப் படகும் பழுது பார்க்க வந்து, படகுகளை ஆற்றில் இறக்குகிற தண்டவாளத்தின் மேல் தங்கத்தின் படகுக்கு முன்னால் நின்றது. தண்ணீரில் இறங்க வேண்டுமென்றால் அதுதான் முதலில் போக வேண்டும். இரண்டு படகுக்கும் ஒரே கம்பெனி இன்ஜின். இரண்டு பேருக்கும் ஒரே குணம். படகு நிழலில் நாற்காலிகளை அருகருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு ஓடும்.

"வேற பட்டறையில எல்லாம் கஸ்டமரை மனுஷனாவே மதிக்க மாட்டாங்க அண்ணே," என்பார் பால்காரர்.

"பின்னே? இந்தப் பையன் அப்படி இல்ல. கூடப் பொறந்தவன் மாதிரி பழகறான்."

"டீ கூட ஏலக்காய் போட்டு வருது பாத்தீங்களா?"

இப்படி ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குப் போனால்தான் விசாரணை.

"பட்டறையில நாற்காலி குடுத்தாங்க, டீ குடுத்தாங்கன்னு வந்து சொல்றீங்களே, போட் குடுத்தாங்களா?" என்றாள் மனைவி.

"வேலை செய்யறவன்கிட்ட கத்தினா நடக்குமா? அன்பாப் பேசணும்."

"அன்பாப் பேசிப் பேசித்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்க. அதோட அந்த வித்தை தீர்ந்துபோச்சு. நாளைக்கு நான் போய்க் கேக்கறேன்."

"நீ வாயைத் திறந்தா பேரே கெட்டுப்போயிடும்."

"போட்டே போயிடப் போகுது, பேரை வச்சு ஆத்தைத் தாண்டுவீங்களா?"

அவள் சொன்னது சும்மா இல்லை. தங்கத்தின் படகு கரையேறிய நாளிலிருந்து, இரும்புப் படகு வைத்திருக்கிற ஒருவன்தான் ஆலை ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். புது இருக்கை, வேகம் வேறு. ஆட்களுக்கு அது பழக ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை காலையில் ஆலை மேனேஜர் தங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏசி அறையில் உட்கார வைத்து, நல்லவிதமாகவே பேசினார்.

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டுங்க. இத்தனை வருஷம் ஒரு நாள் கூட நீங்க லேட் பண்ணினதில்ல. ஆனா நான் மேல பதில் சொல்லணும் பாருங்க. திங்கக்கிழமை காலை ஷிஃப்டுக்கு உங்க போட் துறையில நிக்கணும். நிக்கலைன்னா இரும்பு போட்காரருக்கே நிரந்தரமா எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

"நிக்கும் சார். கண்டிப்பா நிக்கும்," என்றார் தங்கம்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனார். முதலாளி வெளியே போயிருந்தான். நாற்காலி போட ஆள் இல்லாததால் நின்றார். நின்றதால் படகில் சாத்தியிருந்த ஏணி கண்ணில் பட்டது. இத்தனை நாள் அதன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தாரே தவிர, ஒரு தடவை கூட மேலே ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. ஏறிப் பார்த்தால் சந்தேகப்படுகிறார் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களே என்று ஒரு சங்கடம். இன்றைக்கு ஏறினார்.

இன்ஜின் மூடியைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பம்ப் இருந்த இடம் காலி, அது தெரிந்ததுதான். பேட்டரி இருந்த இடமும் காலி. சுக்கானைத் திருப்புகிற கேபிள் இல்லை. இன்ஜினுக்குப் பின்னால் கியர் பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறையும் நாலு போல்ட் ஓட்டையும்தான் இருந்தன. பெஞ்சுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த மிதவை வளையங்கள் கூட இல்லை. வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தது, உள்ளே வழித்துத் துடைத்திருந்தார்கள்.

கீழே இரண்டு மெக்கானிக்குகளின் பேச்சுக் குரல் கேட்டது.

"டேய், டூரிஸ்ட் போட்காரர் இப்பவே கிளம்பணும்னு குதிக்கிறார். டீசல் ஃபில்டர் ஒண்ணு வேணும்."

"தங்கம் போட்ல பாரு."

"அதுல இன்னும் என்னடா மிச்சம் இருக்கு?"

"இருக்கிற வரைக்கும் எடு. அவர்தான் வேணுங்கறதை எடுத்துக்கச் சொல்லிட்டாரே."

"பாவம்டா அந்த மனுஷன்."

"பாவமா இருந்தா உன் வீட்டுல இருந்து கொண்டுவந்து குடு, போ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பட்டறையில் எல்லோரும் சிரிக்கிற சிரிப்புதான். அதுதான் தங்கத்தைச் சுட்டது. தன்னை அவர்கள் வெறுத்திருந்தால் கூடத் தாங்கியிருப்பார். சமையலறையில் உப்பு ஜாடி இருப்பது போலத் தன்னை வைத்திருந்திருக்கிறார்கள், கைக்கு எட்டுகிற இடத்தில். அந்த நாற்காலியும் டீயும் நினைவுக்கு வந்தபோது அவருக்கு வாய் கசந்தது.

ஃபில்டர் கழற்ற ஏறிய மெக்கானிக் ஸ்பேனரும் கையுமாக உள்ளே எட்டிப் பார்த்தான். இன்ஜின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்ததும் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"தங்கம் சார்... டீ சொல்லட்டுமா?"

அவ்வளவுதான். தங்கம் கத்தினார். என்ன கத்தினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பழக்கமில்லாத தொண்டை, முதல் கத்தல் பாதியிலேயே கீச்சென்று உடைந்துவிட்டது. இரண்டாவது கத்தல் சரியாக வந்தது. மூன்றாவதில் வெல்டிங் வேலை நின்றது. ஏணியில் இறங்கிக் கொண்டே கத்தினார், இறங்கி முடித்தும் கத்தினார். அந்த நேரம் பார்த்து முதலாளி பைக்கில் உள்ளே நுழைந்தான். பழக்க தோஷத்தில் முகத்தில் சிரிப்பும் வந்தது, கை நாற்காலியை நோக்கியும் போனது.

"அந்த நாற்காலியைத் தொட்டே, ஆத்துல தூக்கிப் போட்டுடுவேன். எங்கடா என் கியர் பாக்ஸ்? திங்கக்கிழமை காலையில என் போட் துறையில நிக்கணும்."

டா போட்டு அவர் ஒரு ஆளைப் பேசியது அதுதான் முதல் தடவை. முதலாளிக்குக் கோபம் வரும், அடிக்கக் கூட வருவான் என்று எதிர்பார்த்துத் தங்கம் ஏணியை ஒட்டி நின்றார். ஆனால் முதலாளியின் முகத்தில் வந்தது மரியாதை. உண்மையான மரியாதை. இத்தனை நாள் தூசி தட்டிப் போட்ட நாற்காலியில் அதில் ஒரு துளி கூட இல்லை என்று தங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணே, இவ்வளவு அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வந்த ஒவ்வொரு தடவையும் சொன்னேனே!"

"உக்காந்துக்கிட்டு சொன்னீங்கண்ணே," என்றான் முதலாளி. கிண்டலாகச் சொல்லவில்லை, தொழில் விவரம் சொல்வது போலச் சொன்னான். "இங்க பத்து போட் நிக்குது. யார் கழுத்தைப் பிடிக்கிறாங்களோ அவங்க வேலையைத்தான் முதல்ல பாக்க முடியும். உங்க போட் திங்கக்கிழமை துறையில நிக்கும். நான் பொறுப்பு."

தங்கம் நாற்காலியில் உட்காராமல் அன்று சாயங்காலம் வரை அங்கேயே நின்றார். யாராவது வேலையை விட்டு நகர்ந்தால் கத்தினார். சொன்னால் அசிங்கம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கத்துவதில் அவருக்கு ஒரு சுகம் வர ஆரம்பித்திருந்தது. பேட்டரி வந்தது. கேபிள் வந்தது. பம்ப் கூட வந்தது, இத்தனை நாள் வந்துகொண்டே இருந்த பம்ப், அரை மணி நேரத்தில். வீட்டில் போய்ச் சொன்னபோது மனைவி நம்பவில்லை. "நீங்களா? 'டா'ன்னா சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மகளைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது, கியர் பாக்ஸைத் தவிர. அது யாருடைய படகிலோ ஏறிக் கடலுக்குப் போய்விட்டது. புதிதாக வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? அது இல்லாமல் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நிற்குமே தவிர, படகு ஒரு முழம் நகராது. தங்கம் தொண்டை கட்டும் வரை கத்திப் பார்த்தார். முதலாளி தலையைச் சொறிந்தான். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வழி இருக்குண்ணே. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வரும்போது மாட்டியிருக்கும்."

"எங்கேயிருந்து?"

"டீயைக் குடிச்சிட்டு வாங்கண்ணே."

அவன் பார்வை போன திசையில் தங்கமும் பார்த்தார். இரண்டு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால்காரருடைய படகில் சாத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் படகில் வேலை எல்லாம் முடிந்து, நாளைக்குத்தான் அதுவும் தண்ணீரில் இறங்க இருந்தது. பால்காரர் போன வாரம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார். வாடகைப் படகுக்குக் கும்பிடு போட்டுவிட்டேன், வாடிக்கை வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டேன், திங்கக்கிழமையிலிருந்து பால் நேரத்துக்கு வரும் என்று. பால் நேரத்துக்கு வராததால் ஏற்கெனவே சில வீடுகள் வேறு ஆளிடம் பால் வாங்கப் போய்விட்டிருந்தன.

தங்கம் வாயைத் திறந்தார். நேற்றிலிருந்து அவ்வளவு கத்திய வாய். வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும், கத்தக் கூட வேண்டாம்.

"என்னண்ணே, வேணுமா வேண்டாமா?" என்றான் முதலாளி. "வேண்டாம்னா இப்பவே நிறுத்தச் சொல்லிடறேன். அவரும் நல்ல மனுஷன். எடுத்தா நான் சமாளிச்சுக்கறேன், அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

மேனேஜரின் ஏசி அறை தங்கத்துக்கு நினைவு வந்தது. மகளுடைய காலேஜ் நினைவு வந்தது. நினைவு வந்தது என்று சொல்வது கூடப் பொய்தான், தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. மெக்கானிக் அங்கே மூடியைத் தூக்கிவிட்டான், முதல் போல்ட் கழலுகிற சத்தம் கேட்டது.

"பழைய ஆயிலை வடிச்சிட்டு, புது ஆயில் ஊத்தி மாட்டச் சொல்லு," என்றார் தங்கம்.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே இருக்கப் பார்த்தார். திரும்பாமல் இருக்கவும் முடியவில்லை, ஏனென்றால் இவருடைய படகு இறங்க வேண்டுமானால் முன்னால் நின்ற பால்காரர் படகைத் தண்டவாளத்திலிருந்து ஒதுக்க வேண்டியிருந்தது. ஆறு பேர் சேர்ந்து நெம்பி, அதைப் பின்சுவர் ஓரமாகப் பழைய டயர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆள் போதவில்லை என்று கூப்பிட்டபோது தங்கமும் போய்த் தோள் கொடுத்தார். கொடுக்காமல் இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தார். ரொம்பவும் கேவலமாக இருந்தது. படகு தண்ணீரைத் தொட்டு மிதந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

திங்கக்கிழமை காலையில் படகு துறையில் நின்றது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். ஆலை ஆட்கள் ஏறினார்கள், புதுப் பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றார்கள். மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து டிக்கெட் கிழித்தாள். எல்லோரும் ஏறி முடிக்கிற நேரத்தில், இரண்டு கையிலும் காலி கேன்களோடு பால்காரர் ஓடி வந்தார். பெஞ்சில் இடமில்லாததால் இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்தார்.

"இறக்கிட்டீங்க! கண்ணுக்கு எவ்வளவு நிறைவா இருக்கு தெரியுமாண்ணே?" என்றார் மூச்சு வாங்க. மனிதருக்கு உண்மையாகவே சந்தோஷம். "என்னோடதும் இன்னிக்கு இறங்கியிருக்கணும். ஏதோ சாமான் வரலையாம், நேத்தே பட்டறைத் தம்பி ஆள் அனுப்பிச் சொல்லிட்டான். வீட்டுல ஒரே சண்டை. ராத்திரி பூராத் தூக்கமில்ல. இன்னும் நாலு வீடு போச்சுன்னா தொழிலையே விட்டுட வேண்டியதுதான். போய்க் கத்துங்க, கத்தினாதான் நடக்கும்கறா. நீங்க சொல்லுங்க, நீங்க எப்படி இறக்கினீங்க? கத்தினீங்களா?"

"இவரா? இவர் கத்தின கத்துல..." என்று மனைவி பெருமையாக ஆரம்பித்தாள்.

"கத்தவெல்லாம் இல்ல," என்று தங்கம் குறுக்கே விழுந்தார். "பொறுமையா இருந்தேன். அவனா கூப்பிட்டு இறக்கிக் குடுத்தான்."

மனைவி டிக்கெட் கட்டும் கையுமாக நின்றுவிட்டாள். பால்காரர் கேன்களை ஒழுங்குபடுத்தக் குனிந்ததும், தங்கத்தின் பக்கத்தில் வந்து, "எதுக்கு அவர்கிட்டப் பொய் சொல்றீங்க? பாவம், அவரும் போய்க் கத்தட்டுமே," என்றாள்.

"கத்தட்டும். கத்தினா கியர் பாக்ஸைத் தேடுவாங்க," என்றார் தங்கம், ஆற்றைப் பார்த்துக்கொண்டே. "அது அவர் உக்காந்திருக்கிற மூடிக்கு அடியில இருக்கு."

அவள் பால்காரரைப் பார்த்தாள். கூட்டமாக உட்கார்ந்திருந்த ஆலை ஆட்களைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் போய், பால்காரருடைய ஒரு கேனைத் தன் கையால் நகர்த்தி வைத்துக்கொடுத்தாள்.

"இவர் சொல்றது சரிதாங்க," என்றாள். "சண்டை சச்சரவெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எதுக்கு? வீட்டுல அவங்களையும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."